கூரை விளிம்பு முடிச்சு

"அந்தக் கூடத்துக்குள்ள தலை நிமிந்து போனவங்க யாரையாவது நீ பாத்திருக்கியா, கவூரே?"

தலைநகரத் தீவான தராவாவின் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று தபேரா சித்தி என்னைக் கேட்டாள். சர்க்கரை நோய் அவளுடைய இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே கொண்டுபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலியில் அவளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். சரியாக ஊர்க் கூடத்துக்கு எதிரே சக்கரம் மணலில் புதைந்து நின்றுவிட்டது.

நான் பதில் சொல்லவில்லை. யாராவது எதையாவது கேட்டால் எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தை நான் விட்டதற்குச் சித்தியின் கால்கள் ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். ஆனால் மனதுக்குள் யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மந்திரி வந்தபோது குனிந்துதான் போனார். பாதிரியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து போனார். கூரையின் விளிம்பு ஒரு ஆளின் மார்பு உயரத்தில் நிற்கும். கிழவனோ குமரியோ, குனியாமல் அதற்குள் நுழைய வழியே கிடையாது. அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

மனேயாபா என்று நாங்கள் சொல்கிற அந்த ஊர்க் கூடத்தைப் பற்றி எழுத எத்தனை முறை உட்கார்ந்தாலும் எனக்கு அது அடங்குவதில்லை. காயலிலிருந்து படகில் வரும்போது முதலில் அதுதான் தெரியும், கவிழ்த்து வைத்த பெருங்கப்பல் போல. அதன் முகடு தென்னைமரங்களுக்குச் சமமாக நிற்கிறது. சுற்றிலும் இருபத்திரண்டு கற்கள், கடற்பாறையிலிருந்து பெயர்த்த பலகைக்கற்கள், வீட்டுக்கு ஒன்று. அவற்றின் தலையில் தென்னமர உத்தரம், உத்தரத்தின்மேல் கைமரங்கள், அதன்மேல் தாழை ஓலை. ஓர் ஆணிகூடக் கிடையாது. எல்லாம் நார்க்கயிற்றுக் கட்டு. காற்று பலமாக அடிக்கும்போது உள்ளே உட்கார்ந்திருந்தால் கட்டுகள் ஒவ்வொன்றாக முனகும். முழுக் கூரையும் ஒருமுறை மூச்சை இழுத்து விடும். சின்னப் பிள்ளையில் எனக்கு அது உயிருள்ளது என்றே நினைப்பு. இப்போதும் அந்த நினைப்பு முழுதாகப் போய்விடவில்லை.

"வாய மூடிட்டு நில்லு, அதான் உனக்குத் தெரியும்" என்றாள் சித்தி. அப்புறம் சக்கரத்தைப் பார்த்தாள். "வெளி மணல்லயே இப்படி. உள்ள இருக்குறது சரளைக்கல்லு. ஒரு முழம்கூட நகராது."

அவள் பயந்தது கூரைக்கு அல்ல, தரைக்கு. கூடத்தின் தரை முழுக்க வெள்ளைப் பவளச் சரளை, உள்ளங்கை ஆழத்துக்குப் பரப்பி மேலே பாய் விரித்திருப்போம். மழைத் தண்ணீர் எத்தனை வந்தாலும் குடித்துவிடும். எவ்வளவு வெயிலிலும் குளிர்ந்திருக்கும். ஆனால் சக்கரத்துக்கு அது சேறு மாதிரி.

அந்த வருஷம் கூடத்தைப் பிரித்துக் கட்டவேண்டிய வருஷம். கூரை ஓலை பத்து வருஷம் முடித்துவிட்டது, உத்தரங்களில் சில உளுத்துப் போயிருந்தன. புதுக் கூடம் திறக்கிற அன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெரிய ஆள் ஒருவர் தானாக உள்ளே வந்து தன் வீட்டு இடத்தில் உட்காரவேண்டும். யாரும் வந்து உட்காராத இடத்தில் பக்கத்து வீட்டார் தங்கள் பாயை நீட்டி விரித்துக்கொள்வார்கள். அதோடு அந்த இடம் மூடிப்போகும். இடம் போன வீட்டுக்கு ஊரில் பேச வாயில்லை, பங்கு இல்லை, அந்த வீட்டுக் கல்லுக்கு வேறு பெயர். எங்கள் வீட்டில் சித்தியும் நானும் மட்டும். எனக்குப் பதினாறு. என்னைப் பெரிய ஆள் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்கிறோம் என்று பலர் சொன்னார்கள். சித்தி ஒரே பதில்தான் சொன்னாள். "அந்தக் கூடத்துக்குள்ள தூக்கிட்டுப் போறது ரெண்டே பேரத்தான். பொறந்ததையும் செத்ததையும். நான் அதுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

தவழ்ந்து போகவும் முடியாது. பவளச் சரளை கீறினால் நல்ல கால்காரனுக்கே புண் ஆற மாதக்கணக்காகும். சர்க்கரை உடம்புக்கு அது வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார்.

தராவாவிலிருந்து மெரேட்டா என்ற பொறியாளர் பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. அரசாங்கத் திட்டத்தில் எங்கள் கூடத்துக்குத் தகரமும் சிமெண்டும் ஒதுக்கியிருந்தார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று ஊரோடு பேசி முடிவு செய்ய வந்திருந்தாள். குனிந்து உள்ளே வந்தவள் நிமிர்ந்து முகட்டைப் பார்த்தாள். கையிலிருந்த காகிதங்கள் கீழே நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"நான் பொறந்தது தராவாவுல. அங்க இருக்குறதெல்லாம் தகரக் கூடம்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். நானும் சித்தியும் கூரை விளிம்புக்கு வெளியே இருந்து கேட்டோம்.

புராங்கே பெரியப்பாவுக்கு ஊரிலேயே உரத்த குரல். "தகரம் போட்டா பத்து வருஷத்துக்கு ஒருக்கா ஓலை முடைய வேணாம். மழைத் தண்ணியும் பிடிக்கலாம். நம்ம கிணத்துத் தண்ணிய இனிமே மீனுங்கதான் குடிக்கணும், அவ்வளவு உப்பு."

"தண்ணி பிடிக்கத் தகரம் நல்லதுதான் ஐயா" என்றாள் மெரேட்டா. "ஆனா இவ்வளவு உயரத்துல தகரம் போட்டா காத்து பிச்சுக்கிட்டுப் போகும். பறக்குற தகரம் கழுத்த அறுக்கும். ஓலை பறந்தா தலையில விழுந்தாலும் சிரிச்சுக்கலாம். உப்புக் காத்துல தகரம் எத்தன வருஷம் நிக்கும்னு நீங்களே பாத்திருப்பீங்க. சமையல் கொட்டகை தாழ்வா இருக்கு. தகரத்த அதுமேல போட்டுப் பக்கத்துல தொட்டி வைப்போம். கூடத்துக்கு ஓலையே இருக்கட்டும்."

"அப்ப சிமெண்ட்டு?"

அவள் எல்லோரையும் பழைய கொப்பரைக் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டிப் பன்னிரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தூண் ஒன்றில் தன் வீட்டுச் சாவியால் ஒரு கீறு கீறினாள். சிமெண்ட் அப்பளம் போல உதிர்ந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து இரண்டு மடங்கு வீங்கியிருந்தது.

"கடல் மணல், கிணத்து உப்புத் தண்ணி. இது ரெண்டும் சேர்ந்தா கம்பிய உள்ளேயிருந்து தின்னுரும். கூடத்துத் தூண் கல்லாவே இருக்கட்டும், அதுல துருப்பிடிக்க எதுவுமில்ல. சிமெண்ட்டு வேணும்னா ஒரே ஒரு இடத்துக்குத்தான். தபேரா அக்கா நாற்காலிக்கு ஒரு பாதை. அதுக்கும் கழுவின மணல் கப்பல்ல வரும். அதுவரைக்கும் யாரும் கரையில மணல் எடுக்காதீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். கூடம் கட்டுகிற குடும்பத்துக்காரர் தோகாய் மாமா மட்டும் ஆட்டவில்லை. அவர் எதற்கும் ஆட்டமாட்டார். கிடங்குத் தூணிலிருந்து உதிர்ந்ததை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

மெரேட்டா தராவாவுக்குத் திரும்பினாள். கூரையைப் பிரித்தார்கள். ஓலையும் மரமும் போனபின் இருபத்திரண்டு கற்களும் வெட்டவெளியில் தனியாக நின்றன. அந்த ஒரு வாரம் நான் தினமும் அவற்றைப் பார்க்கப் போனேன். தலைக்குமேல் அத்தனை பெரிய வானம் இருக்க, அந்தக் கற்கள் யாரையோ எதிர்பார்த்துச் சுற்றி நிற்பது போல இருந்தது. காயல் பக்கத்திலிருந்து மூன்றாவது எங்களுடையது. சித்தியின் தாத்தா தெமாக்கி இளைஞனாக இருந்தபோது பாறையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நட்டது. ஊரில் அதைத் தெமாக்கி என்றே சொல்வார்கள்.

கப்பல் வரவில்லை. நாலு வாரம் ஆயிற்று, ஆறு வாரம் ஆயிற்று.

"கப்பலுக்குக் காத்திருந்தா என் பேத்திக்குப் பேத்தி பொறந்துரும்" என்றார் புராங்கே பெரியப்பா. "நம்ம தபேராவுக்கு நாம போட முடியாதா ஒரு பாதை? வீட்டுக்கு ரெண்டு கூடை மணல். மழைத் தண்ணியில அலசிட்டாப் போச்சு."

கம்பி இல்லாத பாதைதானே, துரு எங்கே பிடிக்கும் என்று பலருக்கும் தோன்றியது. தோகாய் மாமா அன்று மரம் பார்க்க வடக்கே போயிருந்தார். சனிக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. முதல் வீடு இரண்டு கூடை கொண்டுவந்து கொட்டியது. இரண்டாவது வீடு இரண்டு கூடையோடு நிற்குமா? மூன்று. கூடத்துக்குக் கொடுக்கிற விஷயத்தில் பக்கத்து வீட்டைவிட ஒரு பிடி குறைந்தாலும் எங்கள் ஊரில் ஒரு வருஷம் பேச்சு நடக்கும்.

"அஞ்சா? உங்க வீட்டுல ஆம்பளைங்க எல்லாரும் தூங்குறாங்களா?"

"நாங்க பத்து! எண்ணிக்கோ!"

"எண்ணுறதுக்கு உன்ன மாதிரி எனக்கு வெட்டி வேலை இல்ல. இந்தா, பதினாலு!"

சிரிப்பும் பாட்டுமாக மதியம் வரை நடந்தது. எல்லோரும் மணல் எடுத்தது கூடத்துக்கு நேர் எதிரே காயலோரத்து மேட்டில். கிட்டத்தில் அதுதான் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் மணல் குவியல் என் தலைக்குமேல் உயர்ந்து நின்றது. மேடு இருந்த இடத்தில் ஒரு பள்ளம். பாதைக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியிருக்காது. ஆனால் கூடத்துக்குக் கொடுத்ததை ஒருவரும் திரும்ப எடுக்கமாட்டார்கள். எடுப்பது கேவலம்.

சித்தி குவியலைப் பார்த்து அழுதாள். சந்தோஷத்தில்தான். "எனக்காகப் பண்ணியிருக்காங்க பாரு, கவூரே" என்றாள்.

பிப்ரவரிப் பௌர்ணமிக்கு ஓதம், கடல் ஏற்றம், பெரிதாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மாலை ஐந்து மணிக்குக் காயல் ஏறியது. எந்த வருஷமும் மேட்டுக்கு வந்து நின்று திரும்பிவிடும் தண்ணீர் இந்த முறை பள்ளத்தைக் கண்டுபிடித்தது. அலை எதுவும் எழவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவாக, சத்தமே இல்லாமல், கடல் எங்கள் ஊருக்குள் நடந்து வந்தது. ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. சித்தியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். தண்ணீர் மணல் குவியலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. இரண்டு கற்களைத் தாண்டி மூன்றாவது கல்லின் அடியில் சுழித்தது. சுழித்துக்கொண்டே இருந்தது.

தெமாக்கி மெதுவாகச் சாய்ந்தார். வயதான ஒருவர் படுக்கப்போவதைப் போல. கீழே இருந்த பாறைத் திட்டில் மோதியதும் 'டக்' என்று ஒரே சத்தம்.

தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தோம். அடுக்கடுக்காக உருவான கல் அது. அடுக்குகள் பிரிந்து ஐந்து பலகைகளாகக் கிடந்தது, யாரோ ரம்பம் போட்டு அறுத்ததைப் போல அத்தனை நேர்த்தியாக.

சித்தி பலகைகளை எண்ணிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "என் நாற்காலிதான் தள்ளிவிட்டுருச்சு."

மறுநாள் ஊர் கூடியபோது புராங்கே பெரியப்பாவின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது. "நான்தான் ஆரம்பிச்சேன். என்ன பண்ணணும்னு சொல்லு, தங்கச்சி."

"மணல மறுபடியும் மேட்டுல கொட்டணும்ணே. அடுத்த பௌர்ணமிக்குள்ள."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொடுத்ததைத் திரும்ப எடுப்பதா? கூடத்தின் முகத்தில் எப்படி விழிப்பது? யாரும் எழுந்திருக்கவில்லை.

"இந்த மணல யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள் சித்தி.

"உனக்குத்தான்."

"அப்ப அது என்னோடது. கூடத்தோடது இல்ல. என்னோடத நான் கடலுக்குக் கொடுக்குறேன். எனக்குக் கால் இல்ல, அதனால தூக்கிட்டுப் போக உங்களக் கூப்பிடுறேன். வெறுங்கையோட வந்து நிக்குற வீடு எதுன்னு நானும் பாத்துக்குறேன்."

அவ்வளவுதான். அரை நாளில் குவியல் மேடாகிவிட்டது. கடைசியில் கூடைக்கு மணல் கிடைக்காமல் இரண்டு வீட்டார் சண்டை போட்டுக்கொண்டார்கள். மேட்டின்மேல் தாழைக் கன்றுகள் நட்டோம், வேர் பிடித்தால் மணலைப் பிடித்துக்கொள்ளும் என்று.

ஆனால் அன்றைக்குச் சித்தி ஊருக்கு முன்னால் இன்னொன்றும் சொல்லிவிட்டாள். சிமெண்ட் பாதை வேண்டாம். கப்பலில் மணல் வந்தாலும் வேண்டாம். அது தண்ணீர்த் தொட்டிக்குப் போகட்டும். அப்படியென்றால் எங்கள் இடம் மூடிப்போகும் என்பதை அவள் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்தபின் என் பக்கம் திரும்பாமலே, "நீ வேற ஊர்ல கல்யாணம் பண்ணிக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

கப்பலோடு மெரேட்டாவும் வந்தாள். மேட்டைப் பார்த்தாள், விழுந்த கல்லைப் பார்த்தாள். ஒருவரையும் திட்டவில்லை. ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு நிற்கிற கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே விரிசல் இருந்தால் மொக்கையான சத்தம் வருமாம். இருபத்தொரு கல்லும் மணி போல ஒலித்தன. கடைசிக் கல்லில் காதை வைத்தவள் நெடுநேரம் எடுக்கவே இல்லை.

விழுந்த கல்லுக்குப் பதில் புதுக் கல் வேண்டும். கடல் வற்றி இறங்கும் வத்தத்தின்போது ஆண்கள் பாறைத்தளத்துக்குப் போய்க் கடப்பாரையும் ஆப்பும் போட்டு ஒன்றைப் பெயர்த்தார்கள். நாற்பது பேர் சேர்ந்தாலும் அசையாத கல். அதை இரண்டு படகுகளுக்கு நடுவே நார்க்கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு ஓதத்துக்குக் காத்திருந்தார்கள். தண்ணீர் ஏற ஏறப் படகுகள் எழும்பின. அவற்றோடு கல்லும் எழுந்தது. ஆறு பேர் துடுப்புப் போட்டுக் கொண்டுவந்தார்கள். மேலே நின்று பார்த்த எனக்குத் தெளிந்த நீருக்குள் அந்தக் கல் திமிங்கலம் போல மிதந்து வருவது தெரிந்தது. மூன்று வாரத்துக்கு முன் கல்லைச் சாய்த்த அதே ஓதம்.

அதை நட்ட அன்று தோகாய் மாமா தன் வீட்டு அளவுக் கயிற்றைக் கொண்டுவந்தார். கறுத்துப்போன நார்க்கயிறு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எவ்வளவு, முகடு எவ்வளவு உயரம், கூரை விளிம்பு எவ்வளவு உயரம், எல்லாம் அதில் முடிச்சுகள்தான். புதுக் கல்லின் தலை மற்றக் கற்களுக்குச் சமமாக இருக்கிறதா, விளிம்பு எங்கே வரும் என்று பார்க்கவேண்டும். கயிற்றின் அடி முனையைத் தரையில் பிடிக்க ஆள் தேடினார். சித்தியின் நாற்காலிக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"புள்ள, இத அந்த எடத்துல மிதிச்சுக்கோ."

மிதித்துக்கொண்டேன். அவர் கயிற்றை நேராக மேலே இழுத்தார். நான் நின்ற இடம் அப்படி, கயிறு சித்தியை உரசிக்கொண்டு போயிற்று. அவள் கன்னத்தை, காதை, நெற்றியோரத்தைத் தொட்டது. விளிம்பு முடிச்சு அவளுடைய உச்சந்தலை முடிக்கு ஒரு விரல் மேலே வந்து நின்றது.

நான் அதைப் பார்த்தேன். தோகாய் மாமாவும் அதைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"என்னண்ணே, என் தலையில பேன் ஏதும் இருக்கா?" என்றாள் சித்தி.

தோகாய் மாமா எதற்கும் தலையாட்டமாட்டார் என்று சொன்னேனே, அதிகம் பேசவும் மாட்டார். அன்றைக்குப் பேசினார். "இந்த முடிச்சு எங்கப்பா போட்டது. போன தடவை கல்லு நட்டப்ப, உங்க வீட்டுல அளவு எடுத்தாங்க. உன் தாத்தா தெமாக்கிய நிக்க வெச்சு, அவரு நெஞ்சு வரைக்கும். அவருதான் அன்னைக்கு ஊர்லயே நெட்டை. அவரு குனிஞ்சா எல்லாரும் குனிவாங்கன்னு." கொஞ்சம் நிறுத்தினார். "அவரு நெஞ்சு, நீ உக்காந்தா உன் தலை. ஒரே உயரம்."

சித்தி கையைத் தூக்கி முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அவள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பு போட்ட முடிச்சு. மெரேட்டா தன் அளவுநாடாவைப் பையிலிருந்து எடுத்தாள். அளக்காமலே திரும்ப உள்ளே வைத்தாள்.

கடைசியில் புராங்கே பெரியப்பாதான் பெருமூச்சு விட்டார். "தலை இடிக்காது, சரி. சக்கரம் புதையுமே, தங்கச்சி."

சித்தி விழுந்து கிடந்த ஐந்து பலகைகளைப் பார்த்தாள். அவற்றைப் புதைப்பது என்று முடிவாகியிருந்தது. கூடத்தின் கல் உடைந்தால் மனிதரைப் போலத்தான், குழி தோண்டிப் புதைத்துவிடுவோம்.

"அத விளிம்புலேருந்து எங்க எடம் வரைக்கும் பரப்பிப் போடுங்க" என்றாள்.

புராங்கே பெரியப்பா துள்ளி எழுந்தார். "என்ன பேசுற நீ? அவரு பேரு வெச்ச கல்லு அது. அதுமேல மிதிக்கிறதா? சக்கரம் ஓட்டுறதா? பெரிய மனுஷன் நெஞ்சுமேல ஏறுற மாதிரி!"

கூட்டத்தில் முணுமுணுப்பு. அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் ஊரில் சாய்ந்த கல்லைக் குழந்தைகூடத் தாண்டாது, சுற்றிக்கொண்டுதான் போகும்.

சித்திக்குக் கோபம் வரவில்லை. "அண்ணே, எனக்கு அஞ்சு வயசுல காலுல முள்ளு குத்திக்கிச்சு. தாத்தா என்னத் தோள்ல தூக்கி வெச்சு இந்தக் கூடத்துக்குக் கொண்டாந்தாரு. வாசல்ல வந்ததும் எறக்கிவிட்டாரு. உள்ள நடந்து போன்னாரு. நான் அழுதேன். எறங்க மாட்டேன், உன் தோள்லயே போறேன்னு அழுதேன். நீங்க இங்கதான் இருந்தீங்க, சிரிச்சீங்க."

"ஆமா" என்றார் பெரியப்பா மெதுவாக. "ஞாபகம் இருக்கு."

"வேற எந்த வீட்டுக் கல்லா இருந்தாலும் கேக்க மாட்டேன். இது அவரு. அன்னைக்கு எறக்கிவிட்டவரு இன்னைக்குத் தூக்கிட்டுப் போகட்டும்."

தோகாய் மாமா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். போய் முதல் பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் வரும்வரை குனிந்தபடியே நின்றார். புராங்கே பெரியப்பாதான் போய்ப் பிடித்தார்.

பலகைகளைப் பதித்த மூன்று நாளும் மெரேட்டா தரையில் குப்புறப் படுத்துத்தான் கிடந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்ப்பாள். "அடியில சரளைய இன்னும் இடிங்க ஐயா, உங்க வயித்தத் தட்டுற மாதிரித் தட்டாதீங்க" என்று பெரியப்பாவையே அதட்டினாள். மழைத் தண்ணீர் இறங்கப் பலகைகளுக்கு இடையே ஒரு விரல் சந்து விடச் சொன்னாள். அதற்கு மேல் விட்டால் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளுமாம். வழவழவென்று இருந்த ஒரு பலகையைத் திருப்பிப் போடச் சொன்னாள், மழையில் வழுக்கக் கூடாது என்று. விளிம்போரம் சரளையைத் தடுக்க வைத்திருந்த கற்களில் நாற்காலி அகலத்துக்கு மட்டும் எடுத்துவிட்டார்கள். ஐந்து பலகைகளும் சேர்ந்து விளிம்பிலிருந்து எங்கள் இடத்தின் பாய் வரைக்கும் சரியாக வந்தன. மிஞ்சவும் இல்லை, போதாமலும் இல்லை. மெரேட்டா எழுந்து நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "நான் வரைஞ்சிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது" என்றாள்.

கூரை ஏறியதை எப்படிச் சொல்வது? எட்டு மாதம் காயல் சேற்றில் ஊறவைத்து அடித்த தேங்காய் மட்டை நாரைப் பெண்கள் தொடையில் வைத்துத் திரித்தோம். என் பங்குக்கு நானும் திரித்தேன். என் கயிறு எந்தக் கட்டில் போயிற்று என்று தெரியாது. முகட்டு மரத்தைத் தூக்கிய அன்று அத்தனை குரலும் ஒன்றாகி ஒரு 'ஓ' வந்தது. அந்தக் குரலின்மேல் ஏறித்தான் மரம் மேலே போனது என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள். ஓலை வேய்ந்து முடித்த அன்றே மழை பெய்தது. கூடத்துக்குள் ஒரு சொட்டு விழவில்லை. பக்கத்துச் சமையல் கொட்டகைத் தகரத்தில் மழை கொட்டுமேளம் அடித்தது, தொட்டி நிறைந்தது. இரண்டு சத்தத்தையும் நடுவில் நின்று கேட்டேன்.

திறப்பு நாளில் எல்லோரும் தென்னங்குருத்தும் பூவும் சூடி வந்தார்கள். குழியில் வளர்த்த சேம்புக் கிழங்கும் மீனும் பதநீரும் நிறைந்து கிடந்தன. ஒவ்வொரு வீடாக உள்ளே போயிற்று. முதலில் பாதிரியார் குனிந்தார். புராங்கே பெரியப்பா தொப்பையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நல்ல உயரமான மெரேட்டா கிட்டத்தட்ட இரண்டாக மடிந்தாள். குனிந்த முதுகுகள் வரிசையாகக் கூரைக்கு அடியில் மறைந்தன. பத்தொன்பது வீடு, இருபது, இருபத்தொன்று.

எங்கள் முறை வந்தது. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"கைய எடு" என்றாள் சித்தி.

எடுத்தேன். அவள் சக்கரங்களைத் தன் கையால் உருட்டினாள். மணலை இறுக்கிப் போட்ட பாதையைத் தாண்டி முன்சக்கரம் முதல் பலகையில் ஏறியது. கல்லின்மேல் சக்கரம் உருளும் சத்தம், கரகரவென்று, ஆனால் அழுத்தமாக. கூரையின் விளிம்பு அவள் முகத்துக்கு நேராக வந்தது. அவள் குனியவில்லை. கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. ஓலை நுனி ஒன்று அவள் சூடியிருந்த பூவை மட்டும் இலேசாகத் தடவி விட்டுவிட்டது.

உள்ளே குனிந்து வந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாவது பலகை. மூன்றாவது. சந்துகளில் மட்டும் ஒரு சின்ன 'டக்'. நான்காவது. ஐந்தாவது. அவள் நாற்காலியைத் திருப்பி எங்கள் வீட்டு இடத்தில், புதுக் கல்லுக்கு முன்னால், ஊரைப் பார்த்தபடி நிறுத்தினாள். இரு பக்கத்து வீட்டாரும் தங்கள் பாயின் ஓரத்தை ஒரு சாண் உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

நான் கடைசியாகக் குனிந்து உள்ளே போய் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவளிடம் பதில் சொல்லவேண்டும் போல இருந்தது. பாத்திருக்கேன் சித்தி, ஒருத்தரப் பாத்திருக்கேன். வாய் வரவில்லை. அவள் தோளில் கையை வைத்தேன்.

அப்போதுதான் விளிம்புக்கு வெளியே தோகாய் மாமாவின் கால்கள் தெரிந்தன. கட்டியவர் கடைசியாக உள்ளே வருவது வழக்கம். அவர் வீட்டு இடத்தில் அவருடைய மகன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாலும், கட்டியவருக்கென்று தனியாக ஒரு பாய் விரித்து வைத்திருந்தார்கள். அவர் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, சித்தி உட்கார்ந்திருப்பதை ஒருமுறை பார்த்தார். அவருடைய கண்கள் மேலே முகடு வரைக்கும் போய்த் திரும்பி ஐந்து பலகைகளில் வந்து நின்றன. பிறகு தோளில் கிடந்த கயிற்றைச் சரிசெய்துகொண்டார். தன் அப்பாவின் அளவு சரியாக வந்ததைப் பார்த்தது போதும் என்பதுபோல, காயலோரத்துத் தாழைக் கன்றுகள் வழியாக நடந்து போய்விட்டார்.